கித்தார் செய்தோர் கண்ட பிழைகளும் திருத்தங்களும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. தேர்வுக்கும் அவைதாம் வேண்டப்படுகின்றன. இன்று நான் சொல்லப்போவதோ அரசர் எவரும் வராத ஒரு வரலாறு. தச்சன் ஒருவன் தான் செய்த பொருளில் குறை நேர்ந்தபோது என்ன செய்தான் என்பதே அதன் பொருள். எடுத்துக்கொண்ட கருவி கித்தார். நீங்கள் இதனைத் திரைப்படப் பாட்டிலும் கல்லூரி விழாக்களிலும் கேட்டிருப்பீர்கள். உங்களுள் சிலர் வாசிக்கவும் கூடும். நான் வாசிப்பவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறும் கணக்கும் கற்பித்தவன். ஆகையால் இக்கருவியைக் கையால் செய்தவர்களின் பட்டறைக்குள் நுழைந்து, அவர்கள் பட்ட சங்கடங்களையும் கண்ட வழிகளையும் மட்டுமே பேச விரும்புகிறேன்.

கித்தாரின் உறுப்புகளுக்கு நம் வீணையின் சொற்களையே வழங்குவோம். விரல் பதியும் குறுக்குக் கம்பிகள் மெட்டுகள். தந்திகளைத் தாங்கும் கட்டை குதிரை. முறுக்கி இறுக்குவது பிரடை. இவற்றோடு மேற்பலகை, அடிப்பலகை, வளைந்த பக்கப்பலகைகள், நீண்ட கழுத்து ஆகியவை சேர்ந்தால் கருவி முழுமையாகிறது.

இதைச் செய்பவனுக்கு முன்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. மேற்பலகை மெல்லியதாக இருந்தால்தான் தந்தியின் அதிர்வுக்கு இசைந்து ஆடும், ஒலி பிறக்கும். நல்ல கித்தாரில் அதன் தடிப்பு இரண்டு மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே பலகையின்மேல் ஆறு தந்திகள் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நைலான் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்குச் சமம். எஃகுத் தந்திகளானால் 70 கிலோகிராமுக்கு மேல். வளர்ந்த மனிதன் ஒருவனை இரண்டு மில்லிமீட்டர் பலகையிலிருந்து இரவும் பகலும் தொங்கவிட்டது போன்ற நிலை அது. பலகையைத் தடிப்பாக்கினால் கருவி நூறாண்டு நிற்கும். ஆனால் ஊமையாக நிற்கும். மெல்லியதாக்கினால் இனிமையாகப் பாடும். சில ஆண்டுகளில் பிளந்து போகும். குரலா, உயிரா என்னும் இந்த வழக்கில் ஒவ்வொரு தலைமுறைத் தச்சனும் ஒரு தீர்ப்பு எழுதினான். அடுத்தவன் அதனைத் திருத்தி எழுதினான்.

முதலில் மெட்டுகளின் செய்தியைப் பார்ப்போம். இது கணக்கறிந்த மாணவர்களுக்கு உவப்பானது.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் லூட் என்னும் கருவியும், ஸ்பெயினில் விஹுவேலா என்னும் கருவியும் சிறப்புற்றிருந்தன. கித்தாருக்கு நெருங்கிய உறவினர் இவை. அவற்றில் மெட்டு என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு நரம்பே. ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தது. சுரம் பிசகினால் அந்த முடிச்சை விரலால் சற்றுத் தள்ளிவிட்டால் போதும். செய்தவன் பிழைபட்டாலும் வாசிப்பவன் திருத்திக்கொள்ளலாம். நம் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்களே, அதுவும் இத்தகைய ஏற்பாடுதான். மெழுகை இளக்கி மெட்டை மறுபடி அமைக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள் கித்தாரில் மெட்டுகள் உலோகமாயின. கழுத்தில் வெட்டிய பள்ளத்தில் நிலையாக அமர்ந்தன. அன்று முதல் பள்ளம் வெட்டுபவனின் அளவு பிசகினால், வாசிப்பவன் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் எங்கே வெட்டுவது? இதற்கு எளிய விதியொன்று ஏற்கனவே இருந்தது. இத்தாலியரான வின்சென்சோ கலிலி 1581-ல் வெளியிட்ட இசை நூலில் அதனைக் கூறினார். வானநூல் அறிஞர் கலிலியோவின் தந்தை இவர். தந்தியின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து, ஒரு பங்கு தள்ளிய இடத்தில் முதல் மெட்டை வைக்கவேண்டும். எஞ்சிய நீளத்தை மீண்டும் பதினெட்டாகப் பகுத்து அடுத்த மெட்டு. இவ்வாறே மேலும் மேலும். கவராயமும் அளவுகோலும் போதும். எழுத்தறியாத தச்சனும் செய்துவிடுவான்.

இந்த விதியில் சிறு பிழை உண்டு. பன்னிரண்டாம் மெட்டு தந்தியைச் சரிபாதியாக்க வேண்டும். அப்போதுதான் மேல் ஸ்தாயியின் ஸட்ஜம் பிறக்கும். 650 மில்லிமீட்டர் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டில் ஒரு பங்கைப் பன்னிரண்டு முறை தள்ளிப்பாருங்கள். எஞ்சுவது 325 அன்று, ஏறத்தாழ 327.4. இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இந்த வேறுபாட்டால் சுரம் தாழ்ந்துவிடும். அரைச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு தாழ்வு. பழகிய செவிக்கு இது தெரியும். பகுக்கவேண்டிய எண் 18 அன்று, 17.817 ஆகும். இரண்டின் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து வருவது இது. சீன நாட்டின் மிங் அரசகுடும்பத்தைச் சேர்ந்த சூ சாய்யூ என்பார் 1584 அளவிலேயே அந்த மூலத்தைக் கணக்கிட்டு வைத்திருந்தார் என்பது வியப்பான செய்தி.

பிழையென்று தெரிந்தும் தச்சர்கள் பதினெட்டின் விதியை ஏன் நெடுங்காலம் விடவில்லை? கணக்கறியாமை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது அது கீழே வளைந்து சற்று நீள்கிறது, இறுக்கம் கூடுகிறது, சுரம் உயர்கிறது. கணக்கின் பிழை சுரத்தைத் தாழ்த்தியது. விரலின் அழுத்தம் அதனை உயர்த்தியது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு விழுங்கிவிட்டன. தச்சன் காகிதத்தில் பிழைபட்டும் காதில் ஏறக்குறையச் சரியாகவும் இருந்தான். பின்னாளில் மெட்டுகளைத் துல்லியமாக வெட்டத் தொடங்கியபோதுதான் அழுத்தத்தின் குறை தனித்து வெளிப்பட்டது. அதற்குக் குதிரையை ஓரிரு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவைத்துத் தந்தியின் மெய்யான நீளத்தைக் கூட்டினார்கள். இன்றும் அவ்வாறே செய்கிறார்கள். உங்களுள் கித்தார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குச் சென்றதும் அளந்து பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டிலிருந்து தலைப்பக்கம் உள்ள தொலைவைவிடக் குதிரைப்பக்கம் உள்ள தொலைவு சற்று மிகுதியாயிருக்கும்.

இனி, பட்டறையில் அன்றாடம் நேரும் விபத்துகளுக்கு வருவோம். மரத்தில் வேலை செய்பவனுடைய பிழைகள் இருவகை. ஒன்று, திருத்தக்கூடியது, மற்றொன்று, மரத்தை அடுப்புக்கு அனுப்புவது. மேற்பலகைக்கு ஐரோப்பியத் தச்சர்கள் விரும்பியது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழும் அளவுக்கு மென்மையானது. உளி நழுவி விழுந்து பள்ளம் பட்டால் தச்சன் கலங்குவதில்லை. அவ்விடத்தில் ஒரு துளி நீர் விட்டு, ஈரத்துணியிட்டு, சூடான இரும்பை வைக்கிறான். நசுங்கிய நார்கள் நீராவியில் உப்பித் தம் இடத்துக்குத் திரும்புகின்றன. நார் அறுபடாமல் நசுங்கியது மட்டுமே என்றால் வடு மறைந்துவிடும். பக்கப்பலகையைச் சுடுகுழாயின்மேல் வளைக்கும்போது விரிசல் தோன்றினால் உடனே நிறுத்திப் பசையிட்டு இறுக்குகிறான். மெட்டுப் பள்ளம் அகன்றுவிட்டால் அதே மரத்தின் மெல்லிய சீவலைச் செருகி மீண்டும் வெட்டுகிறான். ஆனால் இழைப்புளி ஓர் இழுப்பு மிகையாக ஓடி மேற்பலகை மெலிந்துவிட்டால் மருந்தில்லை. எடுத்ததை மரத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்தப் பலகை சிறிய கருவிக்குப் போகும்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குத் தச்சு வேலையும் ஒரு பாடமாக இருந்தது. பொருந்தாத மூட்டில் மக்கு அடைத்துச் சாயம் பூசிக் கொண்டுவரும் மாணவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. எங்கள் தச்சு ஆசிரியர் அவ்வேலையைக் கையில் வாங்கியதும் சாயத்தைப் பார்ப்பதில்லை. காதருகே பிடித்துத் தட்டிப்பார்ப்பார். கித்தாரில் மக்கு வேலை செல்லாமைக்கும் அதுவே காரணம். மூட்டில் இருக்கும் வெற்றிடம் கண்ணுக்கு மறைந்தாலும் ஒலிக்கு மறையாது.

அடுத்தது பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோற்பசையை நீங்கள் அறிந்திருக்கலாம். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சூடாக இளக்கிப் பூசுவது. ஐரோப்பியக் கருவித் தச்சர்களும் நூற்றாண்டுக்கணக்கில் இதையே நம்பினார்கள். அதன் ஒட்டும் வலிமை பெரிது. உலர்ந்தால் கண்ணாடி போல் இறுகும். அதனினும் பெரிய குணம் ஒன்று உண்டு. சூடும் ஈரமும் பட்டால் அது பிடியை விட்டுவிடும். கூர்மையற்ற மெல்லிய கத்தியைச் சூடாக்கி மூட்டுக்குள் செலுத்தினால் நார் கிழியாமல் பலகை பிரியும். உள்ளே தாங்குகுச்சி ஒன்று விட்டுப்போயிருந்தால் அடிப்பலகையைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் ஒட்டலாம். பழைய வச்சிரத்தின்மேல் புதிய வச்சிரம் கலந்து பிடிக்கும். தமக்குப்பின் வேறொருவன் இக்கருவியைத் திறப்பான் என்பதை அறிந்தே அவர்கள் ஒட்டினார்கள் என்று சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டில் வந்த சில செயற்கைப் பசைகள் ஒட்டினால் விடுவதில்லை. கேட்பதற்கு நல்ல குணம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் பழுதுபார்க்க வருபவன் மரத்தையே உடைக்க நேர்கிறது. அருங்காட்சியகங்களிலும் நல்ல பட்டறைகளிலும் இன்றும் வச்சிரச்சட்டி அடுப்பில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மெருகுக்கும் இதே நியாயம் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கித்தார்களுக்குப் பூசப்பட்டது அவலரக்கைச் சாராயத்தில் கரைத்த மெருகு. அரக்குப்பூச்சி தரும் அந்தப் பொருள் நம் நாட்டிலிருந்தே பெரும்பாலும் சென்றது. கீறல் விழுந்த இடத்தில் சாராயம் தோய்ந்த துணித்திண்டால் தேய்த்தால் பழைய பூச்சு இளகிப் புதியதோடு கலந்துவிடும். ஒட்டுப்போட்ட அடையாளம் தெரியாது.

மரத்தின் பகை வானிலை. காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் பருக்கும், குறைந்தால் சுருங்கும். நார் ஓடும் திசையில் இது மிகச் சிறிது. குறுக்குத் திசையில் கணிசம். ஒரு முழம் அகலமும் இல்லாத மேற்பலகை மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அசையக்கூடும். அதன் உட்புறம் குறுக்கே ஒட்டியிருக்கும் குச்சிகளோ நீளவாக்கில் அசைவதில்லை. பலகை சுருங்க விரும்புகிறது, குச்சி விடுவதில்லை, முடிவில் பலகை பிளக்கிறது. ஈரமான கடற்கரை ஊரில் செய்த கருவி, குளிர்காலத்தில் அடுப்பால் உலர்ந்த வடநாட்டு அறைக்குச் சென்றதும் நீளவாக்கில் வெடித்துப்போகும். தச்சர்கள் இதற்குக் கண்ட முதல் வழி, பலகையைக் குறுக்காகப் பருப்பதும் சுருங்குவதும் குறைவாயிருக்கும் வகையில், மரத்தின் மையத்திலிருந்து ஆரம்போல் பிளந்து எடுப்பது. இரண்டாவது, குச்சிகளை வறண்ட நாளில் ஒட்டுவது. அப்போது சுருங்கிய நிலையில் இருக்கும் பலகை பின்னர்ப் பருக்கும்போது மேல்நோக்கி உப்புமேயன்றிப் பிளக்காது. மூன்றாவது, பலகையைத் தட்டையாக வைக்காமல் தொடக்கத்திலேயே சற்றுக் குவிந்த வடிவில் அமைப்பது. சுருக்கம் வந்தால் குவிவு தணியும், அவ்வளவே. இத்தனைக்கும் மீறிப் பிளந்தால், பிளவில் ஸ்புரூஸ் சிம்பு ஒன்றைப் பொருத்தி, உட்புறத்தில் நார் குறுக்காக ஓடும் சிறு வில்லைகளை வரிசையாக ஒட்டுவார்கள். வைத்தியன் எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்துக் கட்டுவதற்கு ஒப்பானது அது.

இந்த அறிவையெல்லாம் ஒரே கருவியில் திரட்டியவர் அந்தோனியோ டி டோரஸ். ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள அல்மேரியாவை அடுத்த சிற்றூரில் 1817-ல் பிறந்தார். தொழிலால் தச்சர். செவில் நகருக்குச் சென்று கித்தார் செய்தார். 1858-ல் அந்நகரக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். மேற்பலகையின் உட்புறத்தில் விசிறியின் கம்பிகளைப்போல் மெல்லிய குச்சிகளைப் பரப்பி ஒட்டும் முறை அவருக்கு முன்பே ஸ்பெயினில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் செவிலிலும் காடிஸிலும் இருந்த தச்சர்கள் மூன்று அல்லது ஐந்து குச்சிகளை வைத்தார்கள். டோரஸ் பெரும்பாலும் ஏழு வைத்தார். அவற்றின் அடியில் இரண்டு குச்சிகளைச் சாய்த்து ஒட்டி அமைப்பை மூடினார். உடலைப் பெரிதாக்கினார், பலகையை மெலிதாக்கினார், குவிவைக் கூட்டினார். வலிமையைப் பலகையின் தடிப்பிலிருந்து எடுத்துக் குச்சிகளின் அமைப்பில் வைத்தார் என்று சுருக்கமாகக் கூறலாம். குரலுக்கும் உயிருக்கும் இடையிலான வழக்கில் அதுவரை எழுதப்பட்ட தீர்ப்புகளுள் இதுவே சிறந்தது. இன்றைய நைலான் தந்திக் கித்தார்கள் பெரும்பாலும் அவர் வகுத்த வழியிலேயே செய்யப்படுகின்றன.

டோரஸின் வேலைகளுள் என் மனத்தைக் கவர்ந்தது அவருடைய அழகிய கித்தார்களுள் ஒன்று அன்று. 1862-ல் அவர் ஒரு விந்தையான கருவியைச் செய்தார். மேற்பலகை நல்ல ஸ்புரூஸ். அடிப்பலகையும் பக்கங்களும் காகித அட்டை! ஒலியைப் பிறப்பிப்பது மேற்பலகையே, ஏனையவை அதற்குத் துணையே என்று அவர் நம்பினார். நம்பிக்கையை வாயால் சொல்லிக்கொண்டிராமல் அட்டையில் செய்து காட்டினார். அறிவியல் ஆசிரியர்கள் சோதனை என்று சொல்வது இதைத்தான். ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றொன்றை மாற்றிப் பார்ப்பது. பார்சிலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் அக்கருவி இன்றும் இருக்கிறது.

இத்தகைய கைவினைஞருக்கு வாழ்வு எளிதாக இல்லை. 1870-ஐ ஒட்டி அவர் தொழிலை விட்டு அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். சில ஆண்டுகள் கழித்து, 1875 அளவில், மீண்டும் உளியை எடுத்தார். 1892-ல் இறக்கும்வரை செய்தார். அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்த செய்தி உண்டு. உங்கள் இரகசியம் யாது என்று கேட்டதற்கு, டோரஸ் தம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் காட்டினாராம். பலகையை இரு விரல்களுக்கிடையே பிடித்து வளைத்து, இது போதும் என்று உணரும் உணர்வே இரகசியம் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வகை. ஒரே மரத்தின் இரு பலகைகள்கூட வேறுபடும். ஆதலால் அளவுகோல் சொல்வதை விரல் திருத்தவேண்டும்.

டோரஸ் ஸ்பெயினில் வாழ்ந்த அதே நூற்றாண்டில், கித்தாரின் இன்னொரு கிளை ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றது. சாக்சனி நாட்டு மார்க்நியூகிர்க்கன் என்னும் ஊர் இசைக்கருவித் தொழிலுக்குப் பெயர்போனது. அங்கே 1796-ல் பிறந்தவர் கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின். அலமாரி, மேசை செய்யும் தச்சர் குடும்பத்தினர். வியன்னாவில் ஸ்டவுஃபர் என்பாரிடம் தொழில் பழகித் திரும்பினார். வயலின் செய்யும் தச்சர் சங்கம், இசைக்கருவி செய்யும் உரிமை தமக்கே உண்டு, மேசைத் தச்சர்கள் கித்தார் செய்யலாகாது என்று வழக்காடிக்கொண்டிருந்தது. மார்ட்டின் 1833-ல் கப்பலேறி நியூயார்க் சென்றார்; சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் குடியமர்ந்தார். சங்கங்களின் சண்டை ஒரு நாட்டின் தொழிலை வேறு நாட்டுக்கு அனுப்பிவைப்பது வரலாற்றில் புதிதன்று.

1840-களில் மார்ட்டினின் கருவிகளில் புதியதோர் அமைப்புத் தோன்றியது. விசிறிக்குப் பதிலாக, இரு நீண்ட குச்சிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் அமைப்பு. நாம் பெருக்கல் குறி இடுவோமே, அதுபோல. அக்காலத்தில் அவருக்குத் தேவைப்பட்டது நரம்புத் தந்தியைத் தாங்கும் வலிமையே. ஆயினும் 1920-களில் எஃகுத் தந்தி பரவியபோது இந்தப் பெருக்கல் குறியே கைகொடுத்தது. எஃகின் குரல் உரத்தது. பெரிய மண்டபங்களுக்கும் மற்றக் கருவிகளோடு சேர்ந்து வாசிப்பதற்கும் ஏற்றது. ஆனால் அதன் இழுப்பு ஏறத்தாழ இருமடங்கு. நரம்புக்கென்று மென்மையாகச் செய்த கித்தாரில் எஃகைப் பூட்டினால் குதிரைக்குப் பின்னால் பலகை வயிறு போல் உப்பியது, குதிரை பெயர்ந்தது, கழுத்து வில்லாய் வளைந்தது. பலகைக்குப் பெருக்கல் குறி மருந்தாயிற்று. கழுத்துக்கு மருந்து கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹியூ. கழுத்தின் உள்ளே எஃகுக் கம்பியொன்றைப் புதைத்து, அதன் முனையிலுள்ள திருகைத் திருப்பி வளைவைச் சரிசெய்யும் ஏற்பாட்டுக்கு அவர் 1923-ல் காப்புரிமை பெற்றார். கருவி செய்து முடிந்த பின்னும் திருத்துவதற்கு ஒரு திருகு! கட்டிய நரம்பு மெட்டு போனபோது வாசிப்பவன் இழந்த உரிமையின் ஒரு பகுதி இவ்வாறு அவன் கைக்குத் திரும்பியது.

இருப்பினும் காலத்தின் இழுப்பை எந்தத் திருகும் முழுதும் தடுக்காது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் கழுத்து முன்பக்கம் சாய்ந்து, தந்தி மெட்டுக்கு மேலே உயர்ந்துவிடும், விரல் நோகும். மார்ட்டின் வகைக் கித்தாரில் கழுத்தின் அடி புறாவின் வால் போல் விரிந்த நாக்காகச் செதுக்கப்பட்டு உடலில் பொருந்தியிருக்கும். பழுதுபார்ப்பவர் ஒரு மெட்டைப் பிடுங்கி, அதன் பள்ளத்தில் சிறு துளையிட்டு, நீராவியைச் செலுத்துகிறார். பசை இளகுகிறது, கழுத்து கழன்று வருகிறது. அடியில் சீவல் அளவு செதுக்கிக் கோணத்தைத் திருத்தி மீண்டும் பூட்டுகிறார். ஸ்பானிய முறையில் கழுத்தும் உடலும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வளர்கின்றன. பக்கப்பலகைகள் கழுத்தின் அடியிலுள்ள பிளவுகளுக்குள் செருகப்படுகின்றன. அது உறுதியான அழகிய வேலை. ஆனால் கழற்றும் வழி இல்லை. நரம்பின் இழுப்பு குறைவாதலால் ஸ்பானியர்களுக்கு அது பெரும் குறையாகத் தோன்றவில்லை.

பிறர் கருவியைப் பார்த்துத் தம் வேலையைத் திருத்திக்கொண்ட ஒருவரைப்பற்றியும் சொல்லவேண்டும். மூனிக் நகரத்து ஹெர்மன் ஹவுசர் தேர்ந்த கைவினைஞர். ஆனால் அவர் செய்துவந்தவை ஜெர்மானிய, வியன்னா முறைக் கித்தார்கள். 1924-ல் ஸ்பானியக் கலைஞர் ஆண்ட்ரேஸ் செகோவியா அங்கே கச்சேரி செய்யச் சென்றபோது, தாம் வாசித்துவந்த 1912-ஆம் ஆண்டு ரமீரெஸ் கித்தாரை அவருக்குக் காட்டினார். ஹவுசர் அதை அளந்தார், ஆராய்ந்தார். பின்னர்ச் செய்து செய்து காட்டினார். செகோவியா மனநிறைவு கொள்ளவில்லை. ஹவுசர் சோர்வடையவுமில்லை, வாதாடவுமில்லை. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1937-ல் அவர் செய்த கித்தாரைச் செகோவியா ஏற்றார். 1962 வரை உலக மேடைகளில் அதையே வாசித்தார். பெயர் நிலைத்த ஒரு தொழிலாளி, தம் நடுவயதில் வேறொரு நாட்டு மரபின் மாணவராகிப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தார் என்பதைச் சற்று நின்று எண்ணிப்பாருங்கள். அந்த 1912-ஆம் ஆண்டுக் கருவியும் 1937-ஆம் ஆண்டுக் கருவியும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கின்றன.

தந்தியின் கதை வேறு. அதை மாற்றியது ஒரு போர். ஆட்டுக்குடல் நரம்பு இனியது. ஆனால் வியர்வையிலும் ஈரத்திலும் நைந்து, கச்சேரியின் நடுவே அறுந்துபோகும். இரண்டாம் உலகப் போரில் அறுவைச் சிகிச்சைத் தையலுக்கு அந்நரம்பு தேவைப்பட்டதால் இசைக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவித் தச்சர், டூபாண்ட் நிறுவனம் உண்டாக்கியிருந்த நைலான் இழையைத் தந்தியாக்க முயன்றார். செகோவியா வாசித்துப் பார்த்து ஊக்கமளித்தார். 1940-களின் இறுதிக்குள் நைலான் தந்தி கடைக்கு வந்தது; குடல் நரம்பு மெல்ல விலகியது.

இறுதியாக மரம். பக்கங்களுக்கும் அடிப்பலகைக்கும் உயர்ந்ததென்று பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தை நெடுங்காலம் போற்றினார்கள். 1960-களில் பிரேசில் அம்மரத்தைக் கட்டைகளாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறெதுவுமன்று, மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும், நாம் ஈட்டி என்றும் நூக்கு என்றும் வழங்கும் மரமே. அமெரிக்காவில் ஒலிக்கும் கித்தாரின் முதுகில் நம் மலைமரம் இருக்கிறது என்பதை உங்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். பிரேசில் மரத்தின் வாணிபம் 1992-ல் பன்னாட்டு உடன்படிக்கையால் ஏறத்தாழ முற்றிலும் தடுக்கப்பட்டது. 2017-ல் ஈட்டி உட்பட அவ்வின மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்களித்தார்கள்.

அரிய மரம் இல்லாவிட்டால் நல்ல கித்தார் இல்லை என்று வாசிப்போரும் விற்போரும் அஞ்சினார்கள். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் இதனைச் சோதித்தார்கள். எல்லா வகையிலும் ஒத்த ஆறு எஃகுத் தந்திக் கித்தார்கள் செய்யப்பட்டன. அடிப்பலகைக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் முதல் மலிவான மரம்வரை. 52 கித்தார் வாசிப்போரை அழைத்து, மரம் இன்னதென்று கண்ணுக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்து வாசிக்கச் சொன்னார்கள். ஒலியின் தரத்துக்கு அவர்கள் அளித்த மதிப்பில் கருவிக்குக் கருவி குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முடிவுகள் 2018-ல் வெளியாயின. டோரஸ் தம் அட்டைக் கித்தாரைச் செய்து அப்போது 156 ஆண்டுகள் ஆகியிருந்தன.